மண் மாதிரிப் பைக்கு பார்கோட்: கைபேசியை வயல்வேலைக்குத் தயார் செய்வது எப்படி?

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் நாங்கள் எடுத்த மண் மாதிரிகளில் இரண்டு பைகள் மாறிப்போயின. பைமேல் மார்க்கர் பேனாவால் 417 என்று எழுதியிருந்தோம். ஈரக் கை பட்டு 7இன் மேல்கோடு அழிந்துவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் அதை 411 என்று பதிந்தார்கள். நிஜமான 411 எண் பைக்கு, மிச்சமிருந்த 417 போய்ச் சேர்ந்தது. ஒன்று ஜிப்சம் போட்டுச் சீர்திருத்த வேண்டிய களர் நிலம், மற்றது நல்ல வண்டல். வண்டல் நிலத்துக்காரர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, என் வயல்ல நெல்லு நல்லாத்தானே வருது, எனக்கு எதுக்கு இத்தனை மூட்டை ஜிப்சம்?" என்று கேட்டார். அவர் கேட்டதால்தான் எங்களுக்கே தெரிந்தது. களர் நிலத்துக்காரர் வீட்டுக்குப் போய் "உங்க மண்ணு நல்லா இருக்கு" என்ற அறிக்கையைத் திருப்பி வாங்கி வந்தது இன்றும் மனதை விட்டுப் போகவில்லை.

2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று கணக்கு வைத்தார்கள். அப்படியானால் ஒரு பையை நம்பிப் பல குடும்பங்கள் உரம் வாங்குகின்றன. அந்தப் பையின் எண் தப்பினால், கூடத்தில் கார அமில நிலையிலிருந்து துத்தநாகம் வரை 12 அளவுகளை எவ்வளவு துல்லியமாகப் பார்த்தாலும் பயனில்லை. பார்கோட் இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது.

வயல்வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணம் முழுக்க மண் மாதிரிதான். ஆனால் விதைச் சோதனைப் பாத்திகள், மரக் கணக்கெடுப்பு, மாட்டின் காதில் மாட்டிய 12 இலக்கத் தோடு எதுவானாலும் முறை ஏறக்குறைய இதுவே.

முதல் வேலை: எண்

எல்லோரும் முதலில் ஸ்கேனர் வாங்கக் கிளம்புகிறார்கள். வேண்டாம். முதலில் ஒரு தாளை எடுத்து, பையின் எண் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

பார்கோடுக்குள் எண் மட்டும் இருந்தால் போதும். விவசாயி பெயர், சர்வே எண், ஊர், கைபேசி எண் எல்லாம் உங்கள் பட்டியலில் இருக்கட்டும். "க்யூஆர் கோடில்தான் இடம் இருக்கிறதே, எல்லாத்தையும் போட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். பை வழியில் எங்காவது விழுந்தால் எடுத்தவர் எவரும் அதைப் படித்துவிடலாம். ஆதார் எண்ணை அதில் போடவே கூடாது.

எங்கள் எண் எட்டு இலக்கம். முதல் இரண்டு ஆண்டைக் குறிக்கும், அடுத்த ஐந்து வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். 2026ஆம் ஆண்டின் 417ஆவது பை என்றால் முதல் ஏழு இலக்கங்கள் 2600417. சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கிடும் முறை கடைப் பொருட்களில் இருக்கும் பார்கோடுக்கு உள்ளதேதான். வலமிருந்து இடமாக 3, 1, 3, 1 என்று மாற்றி மாற்றிப் பெருக்க வேண்டும். 7ஐ 3ஆல் பெருக்கினால் 21, 1ஐ 1ஆல் பெருக்கினால் 1, 4ஐ 3ஆல் பெருக்கினால் 12, இரண்டு பூஜ்யங்கள், 6ஐ 1ஆல் பெருக்கினால் 6, 2ஐ 3ஆல் பெருக்கினால் 6. கூட்டினால் 46. அடுத்த பத்தின் மடங்கு 50, அதற்கு 4 குறைகிறது. ஆக முழு எண் 26004174. இப்போது யாராவது 7ஐ 1 என்று தப்பாகப் படித்து 26004114 என்று கையால் தட்டினால், கூட்டுத்தொகை 28 ஆகும், கடைசி இலக்கம் 2 ஆக இருக்க வேண்டும், 4 பொருந்தாது. கைபேசியில் நாம் நிரப்பும் படிவம் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். அன்றைக்கு இந்த ஓர் இலக்கம் இருந்திருந்தால் இரண்டு குடும்பங்களுக்கும் அலைச்சல் இருந்திருக்காது.

ஸ்கேன் செய்யும்போது தவறு வருவது மிக மிக அரிது. சரிபார்ப்பு இலக்கம் அதற்காக அல்ல. ஸ்டிக்கர் கிழிந்து, கையால் எண்ணைத் தட்ட வேண்டிய நேரம் ஒன்று எப்படியும் வரும். அப்போதுதான் அது கைகொடுக்கும்.

எழுத்து கலக்காமல் எண் மட்டும் வைத்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதைப் புளூடூத் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

கோடா, கட்டமா?

பட்டைக் கோடு வேண்டுமானால் கோட் 128 எடுத்துக்கொள்ளுங்கள். கட்டம் வேண்டுமானால் க்யூஆர். கைபேசிக் கேமராவால் படிக்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் க்யூஆர்தான். எப்படித் திருப்பிக் காட்டினாலும் படிக்கும். ஒரு மூலையில் சேறு ஒட்டியிருந்தாலும் படிக்கும். பிழைதிருத்த அளவை உச்சத்தில், அதாவது எச் என்ற அளவில் வைத்தால் ஏறத்தாழ 30 சதவீதம் வரை சேதமானாலும் மீட்டுக்கொள்ளும். நம் எட்டு இலக்கம் அந்த அளவிலும் மிகச் சிறிய க்யூஆரான 21க்கு 21 கட்டத்திலேயே அடங்கிவிடும். எண்ணை மட்டும் வைத்ததால் கிடைத்த வசதி இது. முகவரியெல்லாம் திணித்தால் கட்டங்கள் பெருகி, பொடியாகி, கேமரா திணறும்.

பழைய லேசர் ஸ்கேனர் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால் கோட் 128 போடத்தான் வேண்டும். லேசர் க்யூஆரைப் படிக்காது. கைபேசித் திரையில் காட்டும் கோடும் அதற்குப் பெரும்பாலும் தெரியாது.

ஸ்டிக்கர்

ஸ்டிக்கரில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கடைகளில் பில் வரும் காகிதம் போன்ற டைரக்ட் தெர்மல் ஸ்டிக்கர் விலை மலிவு. சூடு பட்டால் கறுக்கும் காகிதம் அது. சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் கிடந்தால் மொத்தமும் மங்கிக் கறுத்துவிடும். வயலுக்கு ஆகாது. ரிப்பன் போட்டு அச்சடிக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டரும், பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் ஸ்டிக்கரும், ரெசின் ரிப்பனும் வேண்டும். ரிப்பன் வாங்கும்போது வாக்ஸ், வாக்ஸ்-ரெசின், ரெசின் என்று மூன்று வகை சொல்வார்கள். ரெசின் என்றே கேட்டு வாங்குங்கள். வாக்ஸ் ரிப்பனில் அடித்ததை நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். பிரிண்டர் வாங்க வசதி இல்லையென்றால் ஊரில் லேபிள் அடித்துக் கொடுக்கும் அச்சகத்தில் எண் பட்டியலைக் கொடுத்தால் ரோலாகவே கொடுப்பார்கள்.

அளவு விஷயத்தில் ஒரு கணக்கு. சாதாரண லேபிள் பிரிண்டர் 203 டிபிஐ, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளி. பார்கோடின் மிக மெல்லிய கோடு முழுப் புள்ளிகளில் அமைய வேண்டும். மூன்று புள்ளி என்றால் 0.375 மில்லிமீட்டர். எட்டு இலக்கத்தைக் கோட் 128இல் இலக்கங்களை இரண்டிரண்டாகச் சேர்க்கும் சி முறையில் எழுதினால் 79 அலகு வரும் (ஓர் அலகு என்பது அந்த மெல்லிய கோட்டின் அகலம்), மொத்த அகலம் சுமார் 30 மில்லிமீட்டர். இரு பக்கமும் பத்துப் பத்து அலகு வெற்றிடம் விட வேண்டும். அதையும் சேர்த்தால் 37 மில்லிமீட்டர். 50க்கு 25 ஸ்டிக்கரில் தாராளமாக உட்காரும். அதையே எழுத்துகளுக்கான பி முறையில் அடித்தால் கோடு மட்டுமே 46 மில்லிமீட்டர் ஆகி, வெற்றிடத்துக்கு இடம் இருக்காது. வெற்றிடம் இல்லாத பார்கோடு கண்ணுக்கு அழகாகத் தெரியும், ஸ்கேனர் படிக்காது. "ஸ்கேனர் மோசம்" என்று என்னிடம் வந்த புகார்களைப் பிரித்துப் பார்த்தால், முக்கால்வாசி ஓரத்தில் வெற்றிடம் இல்லாத ஸ்டிக்கராகவே இருந்தது. க்யூஆருக்கு நான்கு பக்கமும் நான்கு கட்ட அளவு வெற்றிடம் போதும்.

படத்தைக் கணினியில் இழுத்துப் பெரிதாக்கி அச்சடிக்காதீர்கள். கோடுகளின் அளவு குலைந்துவிடும். பிரிண்டரோடு வரும் லேபிள் மென்பொருளில் எண்ணைக் கொடுத்து அதையே வரையச் சொல்லுங்கள். கோடுக்குக் கீழே எண்ணைப் பெரிய எழுத்தில் கட்டாயம் போடுங்கள், மனிதர் படிக்க.

ஒரே எண்ணை மூன்று ஸ்டிக்கராக அடுத்தடுத்து அடிப்பது எங்கள் வழக்கம். ஒன்று பைக்கு வெளியே, ஒன்று சிறிய ஜிப் கவருக்குள் போட்டுப் பைக்குள்ளே, ஒன்று விவசாயியிடம் கொடுக்கும் சீட்டில். உள்ளே போடுவதை மண்ணோடு நேராகப் போடாதீர்கள். ஈர மண் வேர்த்து, இரண்டு நாளில் ஒட்டுப் பசை வரை ஊறிவிடும். துணிப்பை என்றால் ஸ்டிக்கர் ஒட்டாது. அட்டையில் ஒட்டி, துளை போட்டு, பையின் வாயைக் கட்டும் கயிற்றிலேயே கோத்துவிடுங்கள்.

எந்தக் கருவி

1990களின் கடைசியில் பாம் கைக்கணினியின் தலையில் லேசர் ஸ்கேனரைப் பொருத்தி சிம்பல் நிறுவனம் விற்றது. அப்போது வயலில் பார்கோட் என்றால் அந்த மாதிரி தனிக் கருவிதான். இன்று உங்கள் சட்டைப் பையில் இருப்பதே கைக்கணினி. அதில் ஸ்கேனிங் சேர்க்க மூன்று வழிகள் இருக்கின்றன: கைபேசிக் கேமரா, புளூடூத்தில் இணையும் தனி ஸ்கேனர், ஸ்கேனர் உள்ளேயே பதித்து வரும் ஜீப்ரா, ஹனிவெல் போன்ற நிறுவனங்களின் முரட்டுக் கைக்கணினி.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வயலில் ஒரு மாதிரி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் மேல்குப்பையை ஒதுக்கி, வி வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கவாட்டில் ஒரே கனத்தில் மண்ணைச் சீவி, பிளாஸ்டிக் தொட்டியில் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரை கிலோவாகக் குறைக்க வேண்டும். அரை மணி நேரம் ஓடிவிடும். அதற்குப் பிறகு ஒரே ஒரு ஸ்கேன். கேமரா மூன்று விநாடி எடுத்தால் என்ன, ஐந்து விநாடி எடுத்தால் என்ன? வயலுக்குக் கேமரா போதும். நூறு பை ஒன்றாக வந்து இறங்கும் பரிசோதனைக் கூடத்து வாசலில்தான் வேகம் வேண்டும். முதல் ஸ்கேனரை அங்கே வாங்கிக் கொடுங்கள். முரட்டுக் கைக்கணினியை நாள் முழுக்க ஸ்கேன் செய்கிற கிடங்கு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

விதைச் சோதனைத் திடல் போல ஒரு நாளில் சில நூறு பாத்திகளைப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் வயலிலும் தனி ஸ்கேனர் அவசியம். சேற்றுக் கையோடு தொடுதிரையை அழுத்த முடியாது, பித்தானை அழுத்த முடியும். வாங்கும்போது, கேமரா போலப் படம் பிடித்துப் படிக்கும் 2டி இமேஜர் என்று கேளுங்கள். லேசரின் சிவப்புக் கோடு உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாது. தூசியும் தண்ணீர்த் தெறிப்பும் தாங்க ஐபி54 அல்லது அதற்கு மேல் தரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புளூடூத் ஸ்கேனரை இணைப்பது

பெட்டியில் வரும் சிறு கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்கேனரின் அமைப்புகள் எல்லாம் அதில் அச்சிட்ட பார்கோடுகளை ஸ்கேன் செய்துதான் மாறும். கையேட்டை ஒரு போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் கோடை ஸ்கேன் செய்யுங்கள். அடுத்து எச்ஐடி என்ற கோடு. இதைச் செய்தால் கைபேசி அந்த ஸ்கேனரை ஒரு விசைப்பலகை என்றே நினைத்துக்கொள்ளும். நீங்கள் ஸ்கேன் செய்யும் எண், யாரோ மிக வேகமாகத் தட்டியது போல வந்து விழும். இதனால் எந்தச் செயலியிலும் தனி ஏற்பாடு இல்லாமல் வேலை செய்யும். எஸ்பிபி என்று இன்னொரு முறையும் கையேட்டில் இருக்கும். அதற்குச் செயலியில் நிரல் எழுத வேண்டும், இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கடைசியாக, எண் முடிந்ததும் என்ன வர வேண்டும் என்பதற்கான கோடு. என்டர் வைத்தால் சில செயலிகள் படிவத்தையே அனுப்பிவிடும், டேப் வைத்தால் அடுத்த கட்டத்துக்குத் தாவும். உங்கள் செயலியில் இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் கைபேசியின் புளூடூத் பக்கத்தில் ஸ்கேனரின் பெயரைத் தொட்டு இணைத்தால் முடிந்தது.

முடிந்தது என்று நினைக்கும்போது இரண்டு சிக்கல்கள் வரும். ஒன்று, திரையில் வரும் விசைப்பலகை காணாமல் போகும். நிஜ விசைப்பலகை இருக்கிறதே என்று கைபேசி அதை ஒளித்துவிடுகிறது. அமைப்புகளில் வெளி விசைப்பலகைப் பகுதிக்குப் போய், திரை விசைப்பலகையையும் காட்டு என்பதை இயக்கிவிடுங்கள். இரண்டாவது, தமிழில் தட்டச்சு செய்கிற நமக்கே உரியது. ஸ்கேனர் அனுப்புவது எழுத்தை அல்ல, எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை. வெளி விசைப்பலகைக்குத் தமிழ் அமைப்பு தேர்ந்தெடுத்திருந்தால் ஆங்கில எழுத்துள்ள கோடு தமிழ் எழுத்தாக உருமாறி வரும். எண்கள் தப்பித்துக்கொள்ளும். எண் மட்டும் போதும் என்று முன்பே சொன்னதற்கு இதுதான் இன்னொரு காரணம். எப்படியும் அந்த அமைப்பை ஆங்கிலத்தில் வைத்துவிடுங்கள்.

படிவம்

ஓடிகே கலெக்ட், கோபோகலெக்ட் இரண்டும் கைபேசியில் படிவம் நிரப்புவதற்கு இலவசமாகக் கிடைக்கும் செயலிகள், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். படிவத்தை எக்செல் தாளிலேயே எழுதிவிடலாம். கேமராவால் படிப்பதானால் கேள்வியின் வகையாக பார்கோட் என்பதைக் கொடுங்கள். புளூடூத் ஸ்கேனர் என்றால் சாதாரண எழுத்துக் கேள்வியே வேண்டும். அதன் தோற்றம் (appearance) என்ற நெடுவரிசையில் எண்கள் (numbers) என்று குறிப்பிட்டால் கையால் தட்டும்போது எண் பலகை மட்டும் திறக்கும்.

எண் வகைக் கேள்வி வைக்காதீர்கள். பூஜ்யத்தில் தொடங்கும் எண் ஏதாவது இருந்தால் முன் பூஜ்யம் போய்விடும். பிறகு எக்செலில் திறக்கும்போதும் இதே கதைதான், அந்த நெடுவரிசையை உரை என்று மாற்றிவிட்டுத் திறங்கள். 12 இலக்க மாட்டுத் தோடு எண்களை எக்செல் தானாகவே சுருக்கி, பத்தின் அடுக்கு போட்டுக் காட்டும். ஒருமுறை அப்படிச் சேமித்த கோப்பைப் பார்த்திருக்கிறேன், எண்களை மீட்கவே முடியவில்லை.

கட்டுப்பாட்டுப் (constraint) பகுதியில் சரியாக எட்டு இலக்கம் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். சரிபார்ப்பு இலக்கத்தையும் படிவத்துக்குள்ளேயே கணக்கிட வைக்கலாம், ஒவ்வோர் இலக்கமாக வெட்டியெடுத்து மூன்றாலும் ஒன்றாலும் பெருக்கிக் கூட்டும் ஒரு நீண்ட சூத்திரம்தான் அது. பொருந்தாவிட்டால் வரும் செய்தியைத் தமிழில் தெளிவாக எழுதுங்கள். "பிழை" என்று மட்டும் போட்டால் வெயிலில் நிற்கிறவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "எண் பொருந்தவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்" என்று போடுங்கள்.

வயலில்

மண்ணைப் பையில் போட்டுக் கட்டிய பிறகுதான் ஸ்கேன். முன்கூட்டியே ஸ்டிக்கரை ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு பையில் ஒட்டும் பழக்கம் வந்தால் எண் ஓரிடத்திலும் மண் வேறிடத்திலும் போய்விடும். பையைக் கட்டி, துணிப்பையானால் அட்டையைக் கோத்து, அந்தப் பையின் மேலிருக்கும் கோடையே ஸ்கேன் செய்யுங்கள்.

சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் நிழல் ஸ்டிக்கர்மேல் விழும்படி பிடியுங்கள். பளபளப்பான ஸ்டிக்கர் என்றால் நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்தால் வெளிச்சம் எதிரடிக்காது.

பீப் சத்தத்தை நம்பாதீர்கள். சில கருவிகளில் கோடைப் படித்ததுமே அந்தச் சத்தம் வந்துவிடும். கைபேசிக்கு எண் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கிவிட்ட ஸ்கேனர், விழித்து மறுபடி இணைவதற்குள் முதல் எண்ணைத் தொலைத்துவிடுவதும் உண்டு. ஒருமுறை சும்மா அழுத்தி எழுப்பிவிட்டு, சற்றுப் பொறுத்து ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் திரையில் கடைசி மூன்று இலக்கத்தையும் ஸ்டிக்கரையும் ஒப்பிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு பேர் போயிருந்தால் ஒருவர் சொல்ல மற்றவர் பார்க்கட்டும்.

முதல் நாளே ஐம்பது பையோடு இறங்க வேண்டாம். இருபது ஸ்டிக்கரை வீட்டிலேயே சோதியுங்கள். ஒன்றைக் கசக்குங்கள், ஒன்றை ஈர மண்ணில் ஒரு இரவு புதைத்து வையுங்கள், ஒன்றை மொட்டை மாடியில் ஒரு வாரம் வெயிலில் போடுங்கள், ஒன்றை ஈரத் துணியால் அழுத்தித் தேயுங்கள். அத்தனையும் படித்தால் மட்டும் மீதி ரோலை அடியுங்கள்.

ஸ்டிக்கர் ரோலைப் பிரித்துக் கொடுக்கும்போது யாருக்கு எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மிச்ச ஸ்டிக்கரைத் திருப்பி வாங்குங்கள். கிழிந்து வீணானதையும் எழுதுங்கள். ஒரே எண் இரண்டு பையில் போகாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை, ஏனென்றால் இரண்டு பேர் கையில் இருக்கும் இரண்டு கைபேசிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

மாலையில்

வண்டியை விட்டு இறங்கியதும் பைகளை எண்ணுங்கள். கைபேசியில் முடிந்த படிவங்களை எண்ணுங்கள். முப்பத்தொரு பை இருந்து முப்பது படிவம் இருந்தால் அன்றைக்கே, எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போதே, ஒவ்வொரு பையாக எடுத்துப் பாருங்கள். மறுநாள் என்றால் அந்தப் பை எந்த வரப்போரத்தில் எடுத்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. எண்ணிக்கை பொருந்திய பிறகு படிவங்களை அனுப்பி, மண்ணை நிழலில் உலரப் பரப்புங்கள். பரப்பும் தாளின் மேல் அந்தந்தப் பையையும் ஸ்டிக்கரோடு வைத்துவிடுங்கள். அப்புறம் ஸ்கேனரையும் கைபேசியையும் சார்ஜில் போடுங்கள்.

பைகள் கூடத்துக்குப் போகும் நாளில் உங்களில் ஒருவர் கூடவே போங்கள். வாசலில் அவர்கள் ஒவ்வொரு பையையும் ஸ்கேன் செய்து இறக்கும்போது, உங்கள் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும் ஊரைப் படித்துச் சொல்லுங்கள். பட்டியலில் ஒரே எண் இரண்டு முறை இருக்கிறதா என்று எக்செலில் எண்ணிச் சொல்லும் கவுன்ட்இஃப் சூத்திரம் போட்டு முந்தின நாளே பார்த்துவிடுங்கள். ஒரு பை எதனோடும் பொருந்தவில்லை என்றால், ஊகித்து ஓர் எண் போட்டுச் சேர்த்துவிடாமல் தனியே எடுத்து வையுங்கள். அந்த விவசாயியைக் கூப்பிட்டு, மறுபடி ஒருமுறை வயலுக்கு வருகிறோம் என்று சொல்லுங்கள்.